இசைத்தட்டை ஸ்பிரிட்டால் துடைக்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

பரணில் கிடக்கும் பழைய இசைத்தட்டுகளை இறக்கிக் கேட்கும் ஆசை பலருக்கு மீண்டும் வந்திருப்பது மகிழ்ச்சி. துடைக்கும் முன் தட்டு எந்த வகை என்று பாருங்கள். நிமிடத்துக்கு 78 முறை சுழலும் தட்டுகளில் பெரும்பாலானவை அரக்குக் கலவை. கனமானவை, விழுந்தால் அப்பளமாக நொறுங்கும். ஸ்பிரிட் பட்டால் அரக்கு கரையும். பாட்டும் அதோடு போய்விடும், பிறகு மீட்க வழியே இல்லை. நிமிடத்துக்கு 33⅓ முறை சுழலும் எல்.பி. (லாங் பிளே) தட்டு வினைல் என்ற பிளாஸ்டிக்.

இரண்டுக்கும் காய்ச்சி வடித்த நீரே போதும். அரை லிட்டரில் பாத்திரம் கழுவும் திரவம் இரண்டு சொட்டு. மென்மையான பருத்தித் துணியை நனைத்துப் பிழிந்து, பாட்டு பதிந்த பள்ளத்தின் போக்கிலேயே வட்டமாகத் துடையுங்கள். குறுக்கே தேய்த்தால் தூசியே தட்டைக் கீறும். நடு லேபிளில் ஈரம் படவே கூடாது. வெறும் நீரால் மறுபடி துடைத்து, நிழலில் உலர்த்துங்கள்.

ஊசியும் வேறு வேறு. 78 தட்டின் பள்ளம் அகலமானது, எல்.பி. ஊசி அதன் அடியில் உரசி இரைச்சல்தான் தரும்.

வெயில் படாத இடத்தில் நிமிர்த்தி அடுக்குங்கள். சாய்த்து வைத்த வினைல் நம் ஊர் வெக்கையில் வளைந்துவிடும். உறைகளையும் தயவுசெய்து எடைக்குப் போட்டுவிடாதீர்கள். பாடியவர், இசையமைத்தவர் பெயரெல்லாம் பல உறைகளில் இருக்கும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், மதுரை