பெரிய பிரமிடில் துளை போட வேண்டாம்: எகிப்தின் தொல்பொருள் உச்ச மன்றத்துக்கு ஒரு திறந்த மடல்

எகிப்தின் தொல்பொருள் உச்ச மன்றத் தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

நேரடியாகவே கேட்டுவிடுகிறேன். கிசாவில் இருக்கும் பெரிய பிரமிடுக்குள், அதாவது குஃபு மன்னரின் பிரமிடுக்குள், 2017-இல் தெரியவந்த அந்தப் பெரிய வெற்றிடத்தைப் பார்ப்பதற்காகக் கல்லில் துளை போடாதீர்கள். யார் கேட்டாலும், எவ்வளவு சிறிய துளை என்றாலும், இப்போதைக்கு வேண்டாம்.

கிசா முதல் தாஷூர் வரையிலான பிரமிடு வெளி 1979 முதல் உலகப் பாரம்பரியச் சின்னம். அதைக் காக்கும் பொறுப்பு உங்களிடம் இருக்கிறது. தொலைவில் இருந்துகொண்டு அந்தக் கட்டடத்தைப் பற்றி ஆசையாகப் படித்து வரும் பலரில் ஒருவனாக இதை எழுதுகிறேன்.

அந்த வெற்றிடத்தைக் கண்டுபிடித்த விதமே எனக்கு மிகவும் பிடித்தது. வானத்திலிருந்து மியூவான் என்ற, அணுவைவிடச் சிறிய துகள்கள் ஓயாமல் பொழிகின்றன. நம் உள்ளங்கை வழியாக நொடிக்கு ஒன்று போல ஊடுருவிப் போகின்றன. (எங்கள் ஊட்டியில் இருக்கும் கிரேப்ஸ்-3 ஆய்வுக்கூடமும் இதே மியூவான்களைத்தான் இரவும் பகலும் பதிவு செய்கிறது.) கல் அடர்த்தியாக இருக்கும் இடத்தில் அவற்றில் பல நின்றுவிடும். வெற்றிடம் இருந்தால் கூடுதலாக வந்து சேரும். பிரமிடுக்குள் ராணியின் அறை என்று அழைக்கப்படும் இடத்தில் உணர்கருவிகளை வைத்து மாதக்கணக்கில் எண்ணியபோது, அரசரின் அறைக்கு ஏறிச் செல்லும் பெரிய நடைக்கூடத்துக்கு மேலே குறைந்தது 30 மீட்டர் நீளத்துக்கு ஒரு வெற்றிடம் இருப்பது தெரிந்தது. ஜப்பானின் நகோயா பல்கலைக்கழகமும் கேஇகே என்ற இயற்பியல் ஆய்வு நிறுவனமும் பிரான்சின் அணுசக்தி ஆணையமும் மூன்று வெவ்வேறு முறைகளில் அளந்து ஒரே முடிவுக்கு வந்தன. 2017 நவம்பரில் அது வெளியானது. ஒரு கல்லைக்கூட யாரும் அசைக்கவில்லை.

அடுத்த கண்டுபிடிப்பிலும் இதே நிதானம் இருந்தது. 2023 மார்ச்சில் வடக்கு முகத்தில், நுழைவாயிலுக்கு மேலே கூரை போல் சாய்த்து வைத்த கற்களுக்குப் பின்னால், 9 மீட்டர் நீளமுள்ள ஒரு தாழ்வாரம் இருப்பதை அறிவித்தீர்கள். அங்கே கற்களுக்கு இடையில் இருந்த இடைவெளி வழியாகவே விரலைவிட மெல்லிய கேமராவை உள்ளே விட்டார்கள். கரடுமுரடான சுவரும் கூரையும் தெரிந்தன. உள்ளே பொருள் எதுவும் இல்லை. அந்த வேலையை முன்மாதிரியாக வைத்துக்கொள்ளுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

ஆனால் பெரிய வெற்றிடத்துக்குப் போக அப்படி ஒரு இடைவெளி கிடையாது. நாலாபுறமும் மீட்டர் கணக்கில் கல். துளை போட்டு, அதன் வழியே பறக்கும் சிறு ரோபோவை அனுப்பலாம் என்ற யோசனை 2017-இலேயே பேசப்பட்டது. என் கவலை அதுதான்.

அவசரப்பட்டவர்கள் அந்தப் பிரமிடுக்குள் என்ன செய்தார்கள் என்பது என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். 1837-இல் ஆங்கிலேய ராணுவ அதிகாரி ஹோவர்ட் வைஸ் அரசரின் அறைக்கு மேலே வெடிமருந்து வைத்துத் தகர்த்துக்கொண்டு ஏறினார். தெற்கு முகத்தில் அவர் உடைத்த காயம் இன்றும் தெரிகிறது. அவரே கிசாவின் மூன்றாவது பிரமிடான மென்காவுரே பிரமிடிலிருந்து எடுத்த கல்சவப்பெட்டி இங்கிலாந்துக்குப் போகும் வழியில் 1838-இல் கப்பலோடு கடலில் மூழ்கியது. மேல் அறைகளின் சுவரில் வேலைக்குழுக்கள் சிவப்பு மையில் எழுதிய பெயர்கள் அந்த வெடிமருந்தால்தானே கிடைத்தன என்று யாராவது கேட்கலாம். கிடைத்தது உண்மை. 'குஃபுவின் நண்பர்கள்' என்று ஒரு குழு தன்னை அழைத்துக்கொண்டது அதனால்தான் நமக்குத் தெரியும். ஆனால் வைஸ் போகாவிட்டாலும் அந்த எழுத்துகள் அங்கேயேதான் இருந்திருக்கும். உடைந்துபோன கற்களில் என்ன இருந்தது என்பதைத்தான் இனி யாராலும் சொல்ல முடியாது.

1872 இன்னும் நெருடலானது. வேய்ன்மன் டிக்சன் என்ற பிரிட்டிஷ் பொறியாளர் ராணியின் அறைச் சுவரை உளியால் தட்டி, மறைந்திருந்த இரண்டு குறுகிய புழைகளைத் திறந்தார். உள்ளே ஒரு கல் உருண்டை, ஒரு செப்புக் கொக்கி, ஒரு தேவதாரு மரத்துண்டு. மரத்துண்டு எங்கே போனது என்று பல பத்தாண்டுகள் யாருக்கும் தெரியவில்லை. கடைசியில் அபர்டீன் பல்கலைக்கழகத்தில் ஒரு சுருட்டு டப்பாவுக்குள் இருந்தது. 2020-இல் அதன் வயதை அறிவித்தார்கள்: கி.மு. 3341-க்கும் 3094-க்கும் இடைப்பட்ட மரம். குஃபுவின் காலத்துக்குச் சுமார் ஐந்து நூற்றாண்டு முந்தையது! டிக்சன் காலத்தில், பழைய மரத்தின் வயதைக் கரிமத்தை வைத்துக் கணிக்கும் முறை என்ற ஒன்றே கிடையாது. அந்தத் துண்டு புழைக்குள் எப்படிக் கிடந்தது, பக்கத்தில் என்ன தூசு இருந்தது என்று இன்றைய கருவிகளோடு பார்த்திருந்தால் எவ்வளவு தெரிந்திருக்கும்! அதே புழைகளில் ஒன்றில் 1993-இல் ஒரு ரோபோ செப்பு ஊசிகள் பொருத்திய கல்தடுப்பைக் கண்டது. 2002-இல் தொலைக்காட்சி நேரலையில் அதைத் துளைத்தார்கள். பின்னால் இன்னொரு கல்.

பெரிய வெற்றிடத்தில் தங்கம் இருக்குமா என்று ஊர் முழுக்கக் கேட்கிறது. எனக்கு அந்த எதிர்பார்ப்பு இல்லை. கீழே இருக்கும் நடைக்கூடத்தின் மேல் விழும் எடையைக் குறைக்க விட்ட இடமாக அது இருக்கலாம். கல் இழுத்துச் சென்ற பாதையின் மிச்சமாக இருக்கலாம். அப்படி இருந்தால் தங்கத்தைவிட அது பெரிது. அரசரின் அறை தரையிலிருந்து 43 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அதன் கருங்கல் உத்திரங்கள் ஒவ்வொன்றும் பல பத்து டன். அஸ்வானிலிருந்து நைல் வழியாக வந்தவை. இவற்றை எப்படி மேலே ஏற்றினார்கள் என்பதற்கு இன்றுவரை ஒருமித்த பதில் இல்லை. எகிப்தின் ஹட்னூப் கல்குவாரியில் குஃபு காலத்துச் செங்குத்தான சரிவுப்பாதை 2018-இல் தெரியவந்தது. இருபுறமும் படிகளும் கம்பம் நட்ட குழிகளும் இருந்தன. ஈர மணலில் சறுக்குவண்டியை இழுக்கப் பாதி விசை போதும் என்று ஆம்ஸ்டர்டாம் ஆய்வு காட்டியது. ஆனால் பிரமிடின் மேற்பகுதியில் என்ன செய்தார்கள் என்பதற்கான தடயம் அந்த வெற்றிடத்தின் சுவரிலேயே இருக்கக்கூடும்: உளித் தடம், கயிறு உரசிய கோடு, சாந்தில் சிக்கிய கரித்துண்டு, சிவப்பு மைக் குறி. துளைக்கருவி கிளப்பும் தூசு முதலில் போய்ப் படிவது இவற்றின் மேல்தான்.

அதனால் செய்யக்கூடியதை முதலில் செய்யுங்கள். பிரமிடுக்கு வெளியே, இதுவரை பயன்படுத்தியவற்றைவிடப் பல மடங்கு பெரிய மியூவான் தொலைநோக்கிகளை வைத்து, எல்லாப் பக்கமிருந்தும் முப்பரிமாணப் படம் எடுக்கும் திட்டத்தை அமெரிக்க ஆய்வாளர்கள் முன்வைத்திருக்கிறார்கள். பிடிக்கும் காலம் பிடிக்கட்டும். 4,500 ஆண்டு நின்ற கட்டடத்துக்கு இன்னும் ஐந்தாறு ஆண்டு பெரிதில்லை.

அப்புறம், அளவீடுகளை எல்லோரும் பார்க்கும்படி வெளியிடுங்கள். 2025 மார்ச்சில், பக்கத்தில் இருக்கும் கஃப்ரே பிரமிடுக்கு அடியில் நூற்றுக்கணக்கான மீட்டர் ஆழத்துக்குத் தூண்கள் இருப்பதை செயற்கைக்கோள் ரேடார் காட்டியதாக ஒரு செய்தி தமிழ் வாட்ஸ்அப் குழுக்கள் வரை வந்தது. செயற்கைக்கோள் ரேடார் பாறைக்குள் அவ்வளவு ஆழம் பார்க்காது. இதை மறுத்து அறிக்கை விட்டால் மட்டும் போதவில்லை. சரிபார்க்கத் தரவு கையில் இருந்தால் ஆசிரியர்களும் மாணவர்களும் அவர்களே பதில் சொல்வார்கள்.

நீங்கள் காது கொடுத்துக் கேட்பவர்கள் என்ற நம்பிக்கையும் இருக்கிறது. 2024 ஜனவரியில் மென்காவுரே பிரமிடுக்கு மீண்டும் கருங்கல் போர்த்தும் திட்டம் அறிவிக்கப்பட்டபோது உலகெங்கும் எதிர்ப்பு எழுந்தது. எகிப்தின் முன்னாள் தொல்பொருள் அமைச்சர் ஜாஹி ஹவாஸ் தலைமையிலான நிபுணர் குழு அதை நிராகரித்தது, திட்டம் நின்றது. பெரிய வெற்றிடத்துக்கும் அதுபோல ஒரு குழுவை அமைத்து, அதன் அறிக்கை பொதுவெளியில் வரும் வரை எந்தத் துளைக்கும் அனுமதி இல்லை என்று எழுத்தில் அறிவியுங்கள்.

இன்னொன்றும் கேட்கிறேன். அடுத்த அறிவிப்பு எதுவானாலும், அதில் குஃபு காலத்துக் குழுத்தலைவர் மெரெரின் பெயரைச் சேருங்கள். செங்கடல் கரையில் வாடி அல்-ஜர்ஃபில் 2013-இல் கிடைத்த பாப்பிரஸ் ஏடுகளில், சுமார் 40 பேரை வைத்துக்கொண்டு துராவிலிருந்து கிசாவுக்குச் சுண்ணாம்புக்கல் ஏற்றி வந்த கணக்கை அவர் நாள்வாரியாக எழுதி வைத்திருக்கிறார். வேற்றுக்கிரகவாசிகள் கட்டினார்கள் என்று நம்பும் ஒரு பிள்ளை அந்த ஏட்டின் படத்தை ஒருமுறை பார்க்க வேண்டும். எகிப்திய மாணவருக்கு அரபியில் கொடுப்பதை, மொழிபெயர்க்க விரும்புவோர் எடுத்துக்கொள்ளத் திறந்து வையுங்கள். தமிழாக்கத்துக்கு நாங்கள் ஆள் சேர்க்கிறோம்.

மரியாதையுடன்,
ஒரு தமிழ் வாசகன்