ஞாயிறு வாசிப்பு: 1887

நண்பர்களே, வணக்கம். வரும் ஞாயிறு மாலை 5 மணிக்கு நம் பத்தொன்பதாம் நூற்றாண்டு வட்டம் கூடுகிறது. இணைப்பு அன்று மதியம் இங்கேயே வரும்.

இம்முறை 1887. உ.வே.சா.வின் சீவக சிந்தாமணியும் சி.வை. தாமோதரம் பிள்ளையின் கலித்தொகையும் ஓலைச்சுவடிகளிலிருந்து அச்சேறியது அந்த ஒரே ஆண்டில்தான்! முகவுரைகளை மட்டும் படித்து வந்தால் போதும்.

ஓலைப் பக்கம் ஒன்றையும் அச்சுப் பக்கத்தோடு வைத்துப் பார்ப்போம். ஓலையில் பெரும்பாலும் மெய்யெழுத்துக்குப் புள்ளி இராது. துணைக்காலும் (ா) ரகரமும் ஒன்றுபோலவே இருக்கும். ‘காடு’ என்று படிப்பதா, ‘கரடு’ என்று படிப்பதா? ஒவ்வொரு வரியிலும் இந்தப் போராட்டம். நினைத்தாலே மலைப்பாக இருக்கிறது.

வீட்டில் 1900க்கு முந்தைய நூல் இருந்தால் முகப்புப் பக்கத்தைப் படமெடுத்து அனுப்புங்கள். கிழிந்திருந்தாலும் பரவாயில்லை. அழுத்தி மட்டும் விரிக்க வேண்டாம், தாள் நொறுங்கிவிடும்.