படுதாவுக்குப் பின்னால் ஒரு மாலை

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. கண்புரை அறுவைக்குப் பிறகு பார்வை தெளிந்துவிட்டது என்பதை உன் கையெழுத்தைக் கண்டே தெரிந்துகொண்டு மகிழ்ந்தேன். இங்கு அனைவரும் நலம். நம் சங்கம் இந்த இளவேனிலில் கில்பர்ட் எழுதி சல்லிவன் இசையமைத்த கடற்கொள்ளையர் கதையான ‘பைரேட்ஸ் ஆஃப் பென்சான்ஸ்’ இசைநாடகத்தை மீண்டும் மேடையேற்றுகிறது. என் பேத்திக்குக் கதாநாயகி மேபல் வேடம். அவளுடைய ஒத்திகைக்குப் போய்வந்த இரவில் உறக்கம் வராமல் இதே நாடகத்தை நாம் முதன்முதலில் ஆடியதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

கில்பர்ட் மறைந்து ஐம்பது ஆண்டுகள் கழிந்து 1961 இறுதியில் நாடகத்தின் பதிப்புரிமை காலாவதியானபோது நாம் எவ்வளவு மகிழ்ந்தோம்! அதுவரை, அந்த உரிமையை வைத்திருந்த டாய்லி கார்ட் நாடகக் கம்பெனியிடம் உரிமம் பெற்று, அவர்கள் ஆடிய முறையிலேயே ஆட வேண்டியிருந்தது. விரும்பியபடி ஆடும் சுதந்திரம் கிடைத்தும் நம்மிடம் பணம் இல்லை. தேவாலய மண்டபத்தில் மேடைக்குப் பின்னால் இருந்த ஒரே அறையைப் பெண்கள் எடுத்துக்கொள்ள, ஆண்கள் சமையலறையில் தேநீர்க் கெட்டில்களுக்கு நடுவே நின்று, 5, 9 எண் லைக்னர் ஒப்பனை வண்ணக் குச்சிகளை முகத்தில் தேய்த்துக்கொண்டு, பிசின் காயும்வரை மீசையை விரலால் அழுத்திப் பிடித்திருந்தார்கள். கடைசிக் காட்சியில் கொள்ளையரும் போலீசாரும் ஒன்றாக மேடையில் நிற்க வேண்டும் என்பதால் ஒருவரே இரு வேடம் கட்ட வழியில்லை. நமக்குக் கிடைத்த போலீஸ்காரர்கள் ஐவர்தாம்.

இரண்டாம் அங்கத்தை மறக்க முடியுமா? பூனைபோல் ஓசையின்றி நடக்கிறோம் என்று பாடிக்கொண்டே கொள்ளையர் தரையை ஓங்கி மிதிக்கும் அந்தப் பாட்டில் பலகை மேடை முழுவதும் அதிர்ந்து, பாழடைந்த சிற்றாலயத்தின் சுவரைத் தீட்டியிருந்த தட்டி மெல்லச் சாயத் தொடங்கியது. மறந்த வரியை மறைவிலிருந்து எடுத்துக் கொடுக்கும் பிராம்ப்டரின் நாற்காலியிலிருந்து எழுந்த நீ அதற்குத் தோள் கொடுத்து, ஒரு கையில் புத்தகமும் மறு கையில் டார்ச்சுமாக, திரை விழும்வரை அசையாமல் நின்றாய். அந்த நிலையிலும் போலீஸ் சார்ஜென்ட் மறந்த வரியைச் சரியாக எடுத்துக் கொடுத்தாய். அன்று கைதட்டியவர்களில் ஒருவருக்கும் அது தெரியாது. அதை இன்றாவது எழுதிவிட வேண்டும் என்று தோன்றியது.

ஒத்திகை முடிந்ததும் பேத்தியிடம், இங்கிலாந்தின் பெயின்டன் ஊரில் இந்த நாடகம் முதன்முதலாக ஆடப்பட்ட கதையைச் சொன்னேன். நியூயார்க் அரங்கேற்றத்துக்கு முந்தைய நாள், 1879 டிசம்பர் 30 அன்று, பிரிட்டனில் உரிமையைக் காப்பதற்காக, பக்கத்து ஊரான டார்க்கியில் அதே இருவரின் ‘பினஃபோர்’ இசைநாடகத்தை ஆடிக்கொண்டிருந்த குழுவினர் ஒரே ஒரு ஒத்திகையோடு அங்கே போய், கைக்குக் கிடைத்த உடைகளை அணிந்து, தாளைப் பார்த்துப் படித்தே இதை ஆடினார்கள் அல்லவா? நாம் சோர்ந்திருந்த போதெல்லாம் நம் இசை இயக்குநர் சொல்லித் தேற்றிய அதே கதை.

பிராம்ப்டர் நாற்காலிக்குப் பக்கத்தில் நாம் இருவரும் நிற்க அனுமதி வாங்கிவிட்டேன். எந்த நாளில் வருவாய் என்று எழுது.

என்றும் அன்புடன்,
உன் தோழி