காலமும் வேலையும்: விடையோடு வழியையும் போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் நாளிதழின் கல்விப் பக்கத்தில் வரும் மாதிரி வினாத்தாளை எங்கள் பகுதியில் போட்டித் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகள் வெட்டி எடுத்து ஃபைலில் போட்டு வைக்கிறார்கள். பயிற்சி மையத்துக்குக் கட்டப் பணம் இல்லாத வீட்டில் அந்தத் துண்டுத் தாள்தான் வழிகாட்டி. ஆனால் அதில் கணக்குக் கேள்விகளுக்கு, முக்கியமாகக் காலமும் வேலையும் (இத்தனை பேர் ஒரு வேலையை எத்தனை நாளில் முடிப்பார்கள் என்ற வகைக் கணக்கு) பகுதிக்கு, ‘விடை: இ’ என்று எழுத்து மட்டும்தான் வருகிறது. அந்த விடை எப்படி வந்தது என்பதையும் போடுங்கள் என்று கேட்டுத்தான் எழுதுகிறேன். கடிதம் கொஞ்சம் நீளம்தான். கணக்கைப் போட்டுக் காட்டாமல் நான் சொல்ல வந்தது புரியாது என்பதால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் ஒரு கட்டட ஒப்பந்தக்காரரிடம் கணக்கு எழுதுகிறேன். எந்த சைட்டில் எத்தனை கொத்தனார், எத்தனை சித்தாள், யாருக்கு எத்தனை நாள் கூலி என்று பார்த்துச் சனிக்கிழமை பட்டுவாடா போடுவது என் வேலை. சாயங்காலத்தில் எங்கள் வியாசர்பாடித் தெருவில் டிஎன்பிஎஸ்சிக்குப் படிக்கிறவர்களுக்குக் கணக்குச் சொல்லித் தருகிறேன். பகலில் ஆள் கணக்கு, சாயங்காலமும் ஆள் கணக்கு என்பதால் இந்தப் பாடத்தின் மேல் எனக்குத் தனிப் பிரியம் உண்டு.

குரூப் 4 தேர்வில் 200 கேள்வி, 300 மதிப்பெண், மூன்று மணி நேரம். திறனறிவு, மனக்கணக்குப் பகுதிக்கு 25 கேள்வி, அதாவது 37.5 மதிப்பெண். கேட்பதெல்லாம் பத்தாம் வகுப்புத் தரம்தான். காலமும் வேலையும் எட்டாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்திலேயே, வாழ்வியல் கணிதம் என்ற இயலில் இருக்கிறது. பட்டப்படிப்பு முடித்தவர்களும் இந்த இடத்தில் தடுமாறுகிறார்கள் என்றால் பாடம் கடினம் என்று அர்த்தமில்லை. சூத்திரத்தை மட்டும் கொடுத்து அதன் காரணத்தைச் சொல்லாமல் விட்டதுதான் கோளாறு.

என்னிடம் வருகிற பிள்ளைகள் கையில் ஒரு ஷார்ட்கட் நோட்டு இருக்கும். இரண்டு பேர் என்றால் ‘பெருக்கி, கூட்டலால் வகு’. மூன்று பேருக்கு வேறு சூத்திரம். பாதியில் ஒருவர் விலகினால் இன்னொன்று, குழாய்க் கணக்குக்குத் தனி, கூலிப் பங்கீட்டுக்குத் தனி. கேள்வி நோட்டில் இருக்கிற மாதிரியே வந்தால் விடை வரும். ஒரு சொல் மாறினால் எந்தச் சூத்திரம் என்று தேடுவதிலேயே நேரம் போய்விடும்.

நான் சொல்லித் தருவது ஒரே ஒரு வழி. புதிதும் இல்லை, நல்ல ஆசிரியர்கள் எல்லாரும் சொல்வதுதான். ஏ ஒரு வேலையை 12 நாளில் முடிப்பார், பி 18 நாளில் முடிப்பார், சேர்ந்து செய்தால் எத்தனை நாள்? 12, 18 இரண்டுக்கும் எல்.சி.எம்., அதாவது இரண்டாலும் மீதியில்லாமல் வகுபடும் மிகச் சிறிய எண், 36. மொத்த வேலை 36 பங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏ ஒரு நாளைக்கு 3 பங்கு செய்கிறார், பி 2 பங்கு. இரண்டு பேரும் சேர்ந்து 5 பங்கு. 36-ஐ 5 ஆல் வகுத்தால் 7.2 நாள். அவ்வளவுதான். இதைச் செங்கல்லாக நினைத்துக்கொள், 36 செங்கல் அடுக்க வேண்டும் என்பேன். உடனே முகம் தெளியும்.

அந்த ஷார்ட்கட்டும் இதற்குள்தான் இருக்கிறது. 12-ஐயும் 18-ஐயும் பெருக்கினால் 216. மொத்த வேலையை 216 பங்கு என்று வைத்தால் ஏ தினம் 18, பி தினம் 12, சேர்ந்து 30. 216-ஐ 30 ஆல் வகுத்தால் அதே 7.2. ‘பெருக்கி, கூட்டலால் வகு’ என்பதன் பொருள் இதுதான். காரணம் தெரிந்து பயன்படுத்துகிறவர் ஷார்ட்கட்டைத் தாராளமாகப் பயன்படுத்தலாம். அது எங்கே செல்லாது என்பதும் அவருக்குத் தெரிந்திருக்கும்.

அது செல்லாத இடம் ஒன்றைச் சொல்கிறேன். ஏ 20 நாளில் முடிப்பார், பி 30 நாளில் முடிப்பார். இருவரும் சேர்ந்து தொடங்குகிறார்கள். வேலை முடிய 5 நாள் இருக்கும்போது ஏ விலகிவிடுகிறார். மொத்தம் எத்தனை நாள்? நிறையப் பேர் இதை ‘5 நாள் கழித்து விலகினார்’ என்று படித்துவிடுவார்கள். அப்படிப் போட்டால், மொத்தம் 60 பங்கில் (20, 30-க்கு எல்.சி.எம். 60) 5 நாளில் 25 பங்கு முடியும், மீதி 35 பங்கை பி தனியாகச் செய்ய 17.5 நாள், மொத்தம் 22.5 என்று வரும். அதுவும் விடைகளில் ஒன்றாகக் காத்திருக்கும். கேள்வியை நிதானமாகப் படித்துப் பின்னாலிருந்து வாருங்கள். மொத்தம் 60 பங்கு. ஏ தினம் 3, பி தினம் 2. கடைசி 5 நாள் பி மட்டும், ஆக 10 பங்கு. மீதி 50 பங்கை இருவரும் தினம் 5 வீதம் 10 நாளில் முடித்திருக்கிறார்கள். மொத்தம் 15 நாள். எந்தச் சூத்திரமும் வேண்டியதில்லை. யார் எந்த நாளில் சைட்டில் இருந்தார்கள் என்று பார்த்தால் போதும்.

இன்னொரு வகை, ஆள் குறைகிற கணக்கு. 18 பேர் 20 நாளில் முடிக்கும் வேலையில் 5 நாள் கழித்து 3 பேர் விலகினால் மொத்தம் எத்தனை நாள்? 18-ஐ 20 ஆல் பெருக்கி 15 ஆல் வகுத்து 24 என்று சட்டென்று வட்டத்தைக் கறுப்பாக்கிவிடுவார்கள். முதல் 5 நாள் 18 பேரும் இருந்தார்களே, அதை யார் கழிப்பது? ஒருவர் ஒரு நாள் செய்யும் வேலையை ஓர் ஆள் நாள் என்று வைத்தால் மொத்தம் 360 ஆள் நாள். 5 நாளில் 90 போய்விட்டது. மீதி 270-ஐ 15 பேர் 18 நாளில் முடிப்பார்கள். 5-ஐயும் சேர்த்தால் 23. இதில் 18 என்று எழுதிவிட்டு எழுந்து வருகிறவர்களும் உண்டு. ‘இன்னும் எத்தனை நாள்’ என்றா கேட்டார்கள், ‘மொத்தம் எத்தனை நாள்’ என்றா கேட்டார்கள் என்று கடைசியில் ஒரு தடவை பார்க்கச் சொல்லித் தர வேண்டும்.

சென்ட்ரிங் வேலைக்குப் போய்க்கொண்டே படிக்கிற ஒரு பையன் கேட்டான்: “அக்கா, ஒரு சின்ன பாத்ரூமில் பத்து கொத்தனாரை நிறுத்தினால் வேலை பத்து மடங்கு ஓடுமா?” ஓடாது. நிற்கவே இடம் இருக்காது. கான்கிரீட் போட்டால் அது இறுகுவதற்கு வேண்டிய நாள், ஆளைக் கூட்டினாலும் குறையாது. எல்லாரும் ஒரே வேகம், ஒருவர் இன்னொருவருக்கு இடைஞ்சல் இல்லை என்று வைத்துக்கொள்வதால்தான் ஆளையும் நாளையும் பெருக்க முடிகிறது. அந்த நிபந்தனையைப் பாடத்தின் முதல் வரியிலேயே சொல்லிவிடலாம். வேலைக்குப் போய்க்கொண்டு படிக்கிற பிள்ளைகளுக்கு இந்தச் சந்தேகம் வருவது நியாயம்.

இரண்டிரண்டு பேராகச் சேர்கிற கணக்கைப் பார்த்துப் பயப்படுகிறார்கள். ஏ-யும் பி-யும் 12 நாள், பி-யும் சி-யும் 15 நாள், சி-யும் ஏ-யும் 20 நாள். எல்.சி.எம். 60. தினசரிப் பங்கு 5, 4, 3. கூட்டினால் 12. ஒவ்வொருவரும் இரண்டு முறை வந்திருப்பதால் மூவரும் சேர்ந்து 6 பங்கு, 10 நாள். ஏ மட்டும் வேண்டுமா? 6-லிருந்து பி-யும் சி-யும் செய்யும் 4-ஐக் கழித்தால் 2 பங்கு, 30 நாள். குழாயும் இதேதான். 6 மணி நேரத்தில் நிரம்ப வேண்டிய தொட்டி ஓட்டையால் 8 மணி நேரம் எடுக்கிறது என்றால், 24 பங்குத் தொட்டியில் மணிக்கு 4 வர வேண்டிய இடத்தில் 3 தான் நிற்கிறது. ஓட்டை மணிக்கு 1 பங்கு வெளியேற்றுகிறது, நிரம்பிய தொட்டியைக் காலி செய்ய அதற்கு 24 மணி நேரம்.

1150-இல் பாஸ்கராச்சாரியார் எழுதிய லீலாவதி என்ற கணித நூலில் இப்படி ஒரு கணக்கு இருக்கிறது. நான்கு நீர்த்தாரைகள் ஒரு தொட்டியைத் தனித்தனியே 1 நாள், அரை நாள், மூன்றில் ஒரு நாள், ஆறில் ஒரு நாளில் நிரப்பும். எல்லாம் சேர்ந்தால்? ஒரு நாளில் 1, 2, 3, 6 தொட்டிகள், மொத்தம் 12 தொட்டிகள். ஆகவே ஒரு தொட்டிக்குப் பன்னிரண்டில் ஒரு நாள், நம் கணக்கில் 2 மணி நேரம். இதைச் சொன்னால் பிள்ளைகளுக்கு ஒரு தைரியம் வருகிறது. ஏறக்குறைய 900 வருடமாக இதே கணக்குத்தான் சுற்றி வருகிறது, நம்மாலும் முடியும் என்று நினைக்கிறார்கள்.

கூலிப் பங்கீட்டில் என் தொழில் அனுபவம் கை கொடுக்கிறது. ஏ 10 நாள், பி 15 நாள், சி-யையும் சேர்த்துக்கொண்டு 5 நாளில் முடிக்கிறார்கள், மொத்தக் கூலி 6,000 ரூபாய். பலர் 10-க்கு 15 என்ற விகிதத்தை அப்படியே எடுத்து, மெதுவாகச் செய்தவருக்கு அதிகப் பணம் கொடுத்துவிடுவார்கள். 30 பங்கு வேலையில் ஏ தினம் 3, பி 2, மூவரும் சேர்ந்து 6, ஆக சி 1. கூலி 3,000, 2,000, 1,000. நாள் குறைந்தால் வேகம் அதிகம், வேகத்துக்குத்தான் கூலி என்று ஒருமுறை புரிந்துவிட்டால் அப்புறம் மறக்காது.

இங்கே இன்னொரு கோரிக்கையும் இருக்கிறது. ‘3 ஆண்கள் அல்லது 5 பெண்கள் ஒரு வேலையை 12 நாளில் முடிப்பார்கள், 6 ஆண்களும் 5 பெண்களும் சேர்ந்தால் எத்தனை நாள்?’ என்பது மாதிரியான கேள்விகள் வந்துகொண்டே இருக்கின்றன. விடை 4 நாள், கணக்கில் குறை இல்லை. ஆனால் பெண் என்றால் வேலை குறைவு என்று ஏன் ஒவ்வொரு முறையும் வைக்க வேண்டும்? என்னிடம் படிக்கிற பெண்களில் சிலருடைய அம்மா சித்தாள் வேலைக்குப் போகிறவர். மணலும் ஜல்லியும் தலையில் சுமந்து மாடி ஏறுகிறவர்களைச் சனிக்கிழமைதோறும் பார்க்கிறவள் நான். ஒரே வேலைக்கு ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி என்று 1976-லேயே சட்டம் வந்துவிட்டது. சில கேள்விகளில் சிறுவர்களும் கூலி ஆட்களாக வருகிறார்கள். அந்த வரியைப் படித்தாலே எனக்குக் கோபம் வருகிறது. உங்கள் மாதிரி வினாத்தாளிலாவது இரண்டு மோட்டார், இரண்டு அச்சு இயந்திரம் என்று மாற்றிக் கேளுங்கள். எண்ணும் வழியும் அப்படியே இருக்கும்.

‘இப்படி விளக்கமாகப் போட்டால் தேர்வில் நேரம் போதுமா’ என்று கேட்பார்கள். 200 கேள்விக்கு 180 நிமிடம், ஒன்றுக்கு 54 விநாடி என்பது எனக்கும் தெரியும். வங்கி முதல்நிலைத் தேர்வுகள் பலவற்றில் கணக்குப் பகுதியின் 35 கேள்விக்கு 20 நிமிடம்தான். பங்கு முறையில் பெரும்பாலும் சிறிய முழு எண்கள்தான், கடைசி வகுத்தலில் வந்தால்தான் பின்னம். பழகியவர் வாய்க்குள்ளேயே முடித்துவிடுவார். டிஎன்பிஎஸ்சியில் தவறான விடைக்கு மதிப்பெண் குறையாது, சரி. ஆனால் மத்திய அரசு வேலைக்கான எஸ்எஸ்சி சிஜிஎல் தேர்வின் முதல் கட்டத்தில் ஒவ்வொரு தவறுக்கும் அரை மதிப்பெண் போய்விடும். அங்கே பாதி ஞாபகத்தில் இருக்கிற சூத்திரத்தை நம்பிப் போடுவது நஷ்டம்.

எல்லாக் கேள்விக்கும் விளக்கம் போட இடம் இருக்காது என்பது புரிகிறது. வாரம் ஒரே ஒரு கணக்கு, எட்டுப் பத்து வரி, பொடி எழுத்தாக இருந்தாலும் பரவாயில்லை. மொத்த வேலை எத்தனை பங்கு, யார் தினம் எவ்வளவு, எந்த நாளில் யார் இருந்தார்கள் என்ற மூன்றும் அதில் இருக்கட்டும். தவறான விடைகள் எப்படி வந்தன என்று ஒரு வரியும் சேர்த்தால் இன்னும் நல்லது. என் நோட்டில் இப்படிப் போட்டு வைத்த கணக்குகள் நிறைய இருக்கின்றன. தேவைப்பட்டால் எழுதி அனுப்புகிறேன், பணம் எதுவும் வேண்டாம்.

இப்படிக்கு,
வாசகி,
வியாசர்பாடி, சென்னை-39