பின்னணி காய்ந்திருக்கும், அம்மிணி

அன்புள்ள அம்மிணிக்கு,

நலம், உன் நலமறிய ஆவல்.

ஆடி மாதம் நீ அனுப்பிய படத்தை உன் அம்மா இன்னமும் போனில் எடுத்தெடுத்துப் பார்க்கிறாள். நீலமும் பச்சையும் ஒன்றின்மேல் ஒன்றாக வழிந்து, நடுவில் மெல்லிய மஞ்சள் ஓடியிருப்பதைப் பார்க்கும்போது நம் திருப்பூர் நஞ்சராயன் குளத்து விடியற்காலை நினைவுக்கு வருகிறது. ஆனால் அது பின்னணி மட்டும்தான். அதன்மேல் ஒரு பறவையோ பூவோ வந்துவிடும் என்று காத்திருந்தோம், ஐப்பசியும் முடியப்போகிறது.

அக்ரிலிக் வண்ணம் காய்வதற்கு இவ்வளவு காலம் ஆகாது என்பது எனக்குத் தெரியும். அதிலுள்ள தண்ணீர் ஆவியானதும் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் படலமாகிவிடும். அதன்பிறகு எவ்வளவு தண்ணீர் பட்டாலும் கரையாது. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வீசும் நம் ஊரில் மெல்லிய பூச்சு சிறிது நேரத்திலேயே காய்ந்துவிடுகிறது. சென்னையில் இப்போது மழைக்காலம், அதிலும் ஊற்றி வழியவிட்ட கனமான பூச்சு என்றால் சில நாட்கள் கூடுதலாகப் பிடிக்கலாம், மாதக்கணக்கில் பிடிக்காது.

அவசரப்படச் சொல்லவில்லை. ஒரு பூச்சு முழுதாகக் காய்ந்த பிறகே அடுத்ததைத் தொட வேண்டும். இல்லையென்றால் நீலமும் ஆரஞ்சும் கலந்து சேறாகிவிடும். சீக்கிரம் காயட்டும் என்று மின்விசிறியை நேராக வைத்துவிடாதே. மேலே ஆடை கட்டி, அடியில் ஈரம் நின்று, பின்னால் பாளம் பாளமாக வெடிக்கும். வெறும் தண்ணீரை ஊற்றி நீர்க்கச் செய்தால் பிடிப்பு போய்விடும். அதற்கென்று விற்கிற மீடியத்தையே கலந்துகொள். வட்ட வட்டமாகக் கண்கள் விழுவதற்குச் சிலிக்கோன் எண்ணெய் விட்டிருந்தால், அதை நன்றாகத் துடைத்தெடுக்காமல் மேலே எதை வரைந்தாலும் ஒட்டாது. துணியை மிருதுவாக்கும் சிலிக்கோன் சாஃப்ட்னர் ஏறிய துணிக்கு மறுசாயம் போட நாங்கள் பட்ட பாட்டை நீ நம் சாயப் பட்டறையிலேயே பார்த்திருக்கிறாய்.

இதையெல்லாம் உனக்குச் சொல்லித்தர நான் யார்? எட்டாம் வகுப்புப் படிக்கும்போதே பட்டறைக்கு வந்து, டியூப்லைட் வெளிச்சத்தில் நாங்கள் சரி என்று ஒதுக்கிய துணியை வாசல் வெயிலுக்குக் கொண்டுபோய், இதில் கொஞ்சம் சிவப்படிக்கிறது அப்பா என்று சொன்னவள் நீ. மாஸ்டரே வாயடைத்து நின்றார். துணி ஈரத்தில் கருத்துத் தெரிந்து காய்ந்தால் வெளிறும். அக்ரிலிக்கோ ஈரத்தில் வெளிறித் தெரிந்து காய்ந்தால் கருக்கும். இந்த வேறுபாட்டையும் நீதான் எனக்குக் காட்டினாய். அப்படிப்பட்ட கண் இருக்கிறவள் நள்ளிரவில் விளக்கைப் போட்டுக்கொண்டு வண்ணம் கலக்கக் கூடாது. பகல் வெளிச்சத்தில் கல. இரவு தூங்குவதற்கு. சென்ற வாரம் மாலை ஐந்து மணிக்குக் கூப்பிட்டபோது, நீ தூங்குவதாக மாப்பிள்ளை சொன்னார். அதற்கு முந்தைய வாரமும் அப்படியே சொன்னார்.

கல்லூரிக் காலத்தில் நீ வரைந்த மீன்கொத்தி கூடத்தில்தான் மாட்டியிருக்கிறது. வருகிறவர்கள் எல்லாரும் அதன் முதுகைத்தான் கேட்கிறார்கள். அந்த நீலம் இறகில் ஏறிய சாயம் இல்லை, இறகுக்குள் இருக்கும் நுண்ணிய அமைப்பில் ஒளி சிதறுவதால் தோன்றுவது, அதனால் எந்த ட்யூபைப் பிதுக்கினாலும் அப்படியே கிடைக்காது என்று நீ விளக்கியதை நானும் அவர்களுக்கு விளக்குகிறேன். முதலில் பறவையின் உருவத்தை டைட்டானியம் வெள்ளையால் அடைத்தாய். அது காய்ந்தபின் நீலத்தை மெல்லிசாக, கண்ணாடி போல, பல முறை ஏற்றினாய். வாலின் ஓரத்தை மட்டும் அடைக்காமல் பின்னணியோடு கரையவிட்டாய். அதனால்தான் அது ஒட்டவைத்த படமாகத் தெரியாமல் குளத்தங்கரையிலேயே உட்கார்ந்திருக்கிறது. இதை இன்னொரு முறை செய்ய உனக்கு என்ன தடை?

மூலனூர்த் தோட்டத்தில் கண்வலிக் கிழங்கு, அதான் செங்காந்தள், பூத்திருக்கிறது. பொங்கலுக்கு அதை வரைந்து தருவதாக அப்புச்சியிடம் நீதான் சொன்னாய், அவர் மறக்கவில்லை. உனக்காகக் கிட்ட நின்று பார்த்தேன். இதழ் ஆறும் பின்னோக்கி மடங்கி மேலே எழுகின்றன, ஓரம் நெளிநெளியாக இருக்கிறது. விரியும்போது பச்சை கலந்த மஞ்சள். நாளாக ஆக நுனியிலிருந்து சிவப்பு இறங்கி, கடைசியில் பூ முழுவதும் சிவந்துவிடுகிறது. மகரந்தத் தாள்கள் நாலா பக்கமும் விரிந்து நிற்க, சூல்தண்டு மட்டும் அடியிலேயே ஒடிந்ததுபோலப் பக்கவாட்டில் திரும்புகிறது. இலை நுனி சுருண்டு வேலிக் கம்பியைப் பிடித்திருக்கிறது. சூல்தண்டின் அந்தத் திருப்பத்தைப் பெரும்பாலான படங்களில் தவறவிடுகிறார்கள்; நீ தவறவிட மாட்டாய். செடி முழுவதும் நஞ்சு என்பதால் தொட்டால் கை கழுவிக்கொள்.

குளத்துக்கு வலசைப் பறவைகள் வரத் தொடங்கிவிட்டன. 2022-இல் சரணாலயமாக்கி, 2024-இல் உலக முக்கியத்துவமுள்ள ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலிலும் சேர்த்த பிறகு கரைக்குப் போகிறவர்கள் கூடியிருக்கிறார்கள். சாயத் தண்ணீர் ஓடிய நொய்யலைப் பார்த்து வளர்ந்த உனக்கு அந்தக் கரையில் நிற்பது எவ்வளவு பிடிக்கும் என்று எனக்குத் தெரியும். போன வருடம் வருவதாகச் சொன்னாய், வரவில்லை. வேறு செய்தி ஒன்றுமில்லை. அம்மாவுக்கு மூட்டுவலி பரவாயில்லை.

உன்னை எதுவும் கேட்டுத் தொந்தரவு செய்யக் கூடாது என்பது அம்மாவின் உத்தரவு. ஆகவே படத்தைப் பற்றி மட்டும் எழுதியிருக்கிறேன். பின்னணி காய்ந்திருக்கும், அம்மிணி. பறவைதான் வேண்டும் என்பதில்லை. ஒரு சிறகு, ஒரு மொட்டு, எது முடிகிறதோ அது போதும். அதுவும் முடியவில்லையென்றால், முடியவில்லை அப்பா என்று ஒரு வரி அனுப்பு. நாங்கள் கோபித்துக்கொள்ள மாட்டோம்.

அடுத்த வெள்ளிக்கிழமை இரவு சேரன் எக்ஸ்பிரஸில் நானும் அம்மாவும் புறப்படுகிறோம். டிக்கெட் எடுத்தாயிற்று. இரண்டு ட்யூப் வெள்ளையும் நீ விட்டுப்போன மெல்லிய தூரிகைகளும் என் பையில் இருக்கின்றன. ஸ்டேஷனுக்கு நீ வர வேண்டாம். ஆட்டோ பிடித்து வந்துவிடுகிறோம். சமையலும் செய்ய வேண்டாம். அம்மா வந்து பார்த்துக்கொள்வாள்.

இப்படிக்கு,
அப்பா