வண்ணம் தீட்டும் செயலியில் கடன் விளம்பரம் எதற்கு?

ஆசிரியருக்கு,

என் ஐந்து வயதுப் பேத்தி என் கைப்பேசியில் மயிலுக்கு வண்ணம் தீட்டிக்கொண்டிருந்தாள். இறகு முடிவதற்குள் திரை முழுவதும் உடனடிக் கடன் விளம்பரம். அடுத்து, அரைகுறை உடையில் ஒரு பெண் ‘தனியாக இருக்கிறீர்களா?’ என்று கேட்கும் அரட்டைச் செயலி. மூடுவதற்கான பெருக்கல் குறியோ கடுகளவு. அதுவும் பல விநாடிகள் கழித்துத்தான் தோன்றுகிறது. பிஞ்சு விரல் தவறிப் பட்டால் பதிவிறக்கப் பக்கம் திறந்துவிடுகிறது. ‘இந்த அக்கா ஏன் அழுறாங்க தாத்தா?’ என்று இன்னொரு விளம்பரத்தைக் காட்டிக் கேட்டாள். என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 9-ஆவது பிரிவு, 18 வயதுக்கு உட்பட்டவர்களைக் குறிவைத்து விளம்பரம் செய்வதைத் தடுக்கிறது. மீறினால் 200 கோடி ரூபாய் வரை அபராதம். ஆனால் விதிகளே 2025 நவம்பரில்தான் வந்தன. இந்தத் தடை நடைமுறைக்கு வர அதற்கு மேலும் 18 மாத அவகாசமாம்! மேலும், கைப்பேசி என்னுடையது என்பதால் விளம்பரங்களை அனுப்பும் கணினி என்னைத்தான் பார்க்கிறது, குழந்தையை அல்ல. செயலியை உருவாக்கியவருக்குத் தெரியாதா, மயிலுக்கு வண்ணம் தீட்டுவது யாரென்று?

குழந்தைகள் பிரிவில் உள்ள செயலிகளில் கடன், அரட்டை, சூதாட்ட விளம்பரங்களை அடியோடு நிறுத்த மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் உடனே உத்தரவிட வேண்டும்.

ஒரு தாத்தா,
கும்பகோணம்.