பழைய வீடு வாங்குவோர் முன்பணத்துக்கு முன்பே கட்டடத்தைச் சோதிக்க வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மயிலாடுதுறை, கும்பகோணம், மன்னார்குடி போன்ற ஊர்களில் ஐம்பது ஆண்டு, நூறு ஆண்டுப் பழைய வீடுகள் கைமாறி வருகின்றன. பிள்ளைகள் வெளியூரில் நிலைத்துவிட்ட குடும்பங்கள் விற்கின்றன. பணி ஓய்வு பெற்றுச் சொந்த ஊர்ப் பக்கம் திரும்புகிறவர்கள் வாங்குகிறார்கள். வாங்குகிறவர்கள் மூலப்பத்திரத்தை வழக்கறிஞரிடம் காட்டி, வில்லங்கச் சான்று எடுத்து, பட்டாவையும் வீட்டு வரி ரசீதையும் ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். கிணறு எந்த மூலையில் இருக்கிறதென்று சொல்ல வாஸ்து பார்ப்பவரைக்கூட வண்டி வைத்து அழைத்து வருகிறார்கள். கட்டடத்தைப் பார்க்க மட்டும் யாரையும் அழைப்பதில்லை. அதற்கென ஒரு பொறியாளரை, அதுவும் முன்பணம் கொடுப்பதற்கு முன்பே, அழைக்க வேண்டும் என்பதை ஓய்வுபெற்ற கட்டடப் பொறியாளன் என்ற முறையில் தங்கள் நாளிதழ் வாயிலாகச் சொல்ல விரும்புகிறேன்.

இப்பகுதியின் பழைய மாடி வீடுகளில் பல, கட்டைக்குத்து என்று நாம் சொல்லும் மெட்ராஸ் டெரஸ் கூரை கொண்டவை. தேக்குக் கட்டைகளை ஏறத்தாழ ஒன்றரை அடி இடைவெளியில் வரிசையாகப் போட்டு, அவற்றின்மேல் மெல்லிய செங்கல்லைச் சுண்ணாம்புக் காரையில் குறுக்குவாட்டில் குத்திட்டு அடுக்கி, அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து இடித்து, தட்டையான ஓடு பதித்து முடித்த கூரை அது. கூடத்தில் நின்று அண்ணாந்து பார்த்தால் கட்டைகள் வார்னிஷ் பூச்சோடு அழகாகவே தெரியும். கட்டை மக்கத் தொடங்குவதோ சுவருக்குள் புதைந்திருக்கும் முனையில். சுவரில் ஈரம் இறங்கியிருந்தால் அந்த முனை வெளியே தெரியாமலே தூளாகிக்கொண்டிருக்கும். கட்டை சுவருக்குள் நுழையும் இடத்தில் கறை இருக்கிறதா, அங்கே கூரான ஆணியால் குத்தினால் உள்ளே இறங்குகிறதா என்று ஒவ்வொரு கட்டையாக ஏணி வைத்துப் பார்ப்பதைத் தவிர இதை அறியக் குறுக்கு வழி கிடையாது.

பிறகு மொட்டைமாடிக்கு ஏற வேண்டும். ஒவ்வொரு முறை ஒழுகும்போதும் பழைய பூச்சைப் பெயர்க்காமல் அதன்மேலேயே சிமெண்ட் பூசுவது பல வீடுகளில் வழக்கமாகிவிட்டது. இரண்டு அங்குலச் சிமெண்ட் பூச்சு சதுர அடிக்குச் சுமார் 10 கிலோ; 500 சதுர அடி மாடியில் அது 5 டன். போதாக்குறைக்கு 1,000 லிட்டர் பிளாஸ்டிக் தொட்டியொன்றை நடுமாடியில் வைத்திருப்பார்கள். நிரம்பினால் அது இன்னொரு டன். பாட்டனார் காலத்துக் கட்டைகள் இந்தச் சுமையைக் கணக்கிட்டுப் போடப்பட்டவை அல்ல. கீழிருந்து நூல் பிடித்துப் பார்த்தால் எந்தக் கட்டை வளைந்திருக்கிறது என்பது தெரிந்துவிடும்.

இருந்தாலும், சரியான சுண்ணாம்புக் கட்டடத்தைப் பார்த்து யாரும் அஞ்ச வேண்டியதில்லை. சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார் கிடைத்தால் அதைப் பழுதுபார்த்து இன்னொரு தலைமுறைக்குக் கொண்டுபோகலாம். எனக்கு அதிக அச்சம் தருபவை எழுபதுகளிலும் எண்பதுகளிலும் அவசரமாகப் போடப்பட்ட கான்கிரீட் கூரைகள்தான். கம்பிக்குக் கீழே போதிய கனமில்லாமல் போட்ட தளத்தில் ஈரம் எட்டிக் கம்பி துருப்பிடிக்கும். துரு இரும்பைவிடப் பல மடங்கு இடம் அடைப்பதால் கான்கிரீட்டைத் தள்ளிப் பெயர்க்கும். நாகப்பட்டினம், தரங்கம்பாடி போன்ற கடலோர ஊர்களில் உப்புக்காற்று இதை விரைவுபடுத்துகிறது. விற்பதற்குமுன் பெயர்ந்த இடத்தைப் பூசி, பெயிண்ட் அடித்து மறைத்திருப்பார்கள். சிறு சுத்தியலால் தளத்தின் அடிப்பகுதியைத் தட்டிக்கொண்டே போனால், பிரிந்து நிற்கும் இடம் பொள்ளலாக ஒலித்துத் தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும்.

சுவர்களில் ஓதம் ஏறுவதற்கும் தெருவுக்கும் உள்ள தொடர்பைப் பலர் கவனிப்பதில்லை. திண்ணையும் ரேழியும் முற்றமும் உள்ள நம் பக்கத்து வீடுகளில் முற்றத்தில் விழும் மழைநீர் சலதாரை வழியாகத் தெருவுக்குப் போகும்படிதான் கட்டினார்கள். பழைய சாலையைச் சுரண்டாமல் அதன்மேலேயே புதிய சாலை போட்டுப் போட்டு, நாலு படி ஏறிப் போன வீட்டுக்கு இப்போது ஒரு படி இறங்கிப் போகிறோம்; முற்றத்து நீர் வெளியேறாமல் தேங்கிச் சுவரில் ஏறுகிறது. பழைய பரப்பைச் சுரண்டி எடுத்த பிறகே மறுசாலை போட வேண்டும் என்று 2021ஆம் ஆண்டில் தலைமைச் செயலர் அறிவுறுத்தினார். அதற்கு முன்பே உயர்ந்துவிட்ட தெருக்களுக்கு அதனால் பயனில்லை. முற்றத்தில் நாலு குடம் தண்ணீர் ஊற்றி அது எங்கே போகிறது, எவ்வளவு நேரத்தில் போகிறது என்று பார்த்தாலே போதும். சுவரின் கீழ்ப்பகுதியில் உப்பு பூத்திருப்பதை மறைக்க மூன்றடி உயரத்துக்குச் சிமெண்ட் பூசியோ டைல்ஸ் ஒட்டியோ இருந்தால், ஈரம் வெளியேற வழியின்றி அதற்குமேல் ஏறியிருக்கும். அதை அழகுவேலை என்று எண்ணிவிடக் கூடாது.

வரிசை வீடுகளில் பொதுச்சுவர் தனிப் பிரச்சினை. இரண்டு வீட்டு உத்திரங்களும் ஒரே சுவரில் உட்கார்ந்திருக்க, பக்கத்து வீட்டுக்காரர் தம் வீட்டை இடித்துக் கட்ட முற்பட்டால் நம் வீட்டுக்கு என்ன ஆகும் என்பதைப் பத்திரத்திலும் கட்டடத்திலும் சேர்த்தே பார்க்க வேண்டும். பக்கத்து வீட்டாரிடம் ஒருமுறை பேசிவிட்டு வருவதும் நல்லது. விற்பவர் சொல்லாததை அவர்கள் சொல்லிவிடுவார்கள். நிலைக்கதவின் அடிப்பாகத்திலும் பரண் மூலையிலும் கரையான் மண் கோடு இருக்கிறதா என்பதும், கொல்லையில் கழிவறையின் உறைக்குழி கிணற்றுக்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது என்பதும் பார்க்க வேண்டியவை. மின் இணைப்பில் ஒன்றைக் குறிப்பாகச் சொல்ல வேண்டும்: பழைய வீடுகள் சிலவற்றில் எர்த் கம்பியை இரும்புத் தண்ணீர்க் குழாயில் கட்டியிருப்பார்கள். குழாயை மின்சாரம் கடத்தாத பிவிசியாக மாற்றிய அன்றே அந்த எர்த் செத்துவிட்டது. வீட்டில் இருப்பவர்களுக்கே அது தெரிந்திருக்காது.

வங்கியிலிருந்து மதிப்பீட்டாளர் வந்து பார்த்தாரே என்று சிலர் கேட்கிறார்கள். அவர் பார்ப்பது கடனுக்கு ஈடாக அந்தச் சொத்து போதுமா என்பதை. கட்டை முனையில் ஆணி குத்திப் பார்ப்பது அவர் வேலையில் வராது. சட்டம் காப்பாற்றும் என்ற நம்பிக்கைக்கும் ஓர் எல்லை உண்டு. புதிய கட்டடத்தில் ஐந்து ஆண்டுகளுக்குள் கட்டமைப்புக் குறை தென்பட்டால் கட்டி விற்ற நிறுவனமே சரிசெய்து தர வேண்டும் என்று 2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் சட்டம் சொல்கிறது. தனியாரிடம் வாங்கும் பழைய வீட்டுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. 1882ஆம் ஆண்டின் சொத்துரிமை மாற்றச் சட்டத்தின் 55ஆம் பிரிவு, விற்பவர் அறிந்த முக்கியக் குறைகளை அவர் வாங்குபவருக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது. ஆனால் வாங்குபவர் சாதாரணக் கவனத்தோடு பார்த்திருந்தால் கண்டறிந்திருக்கக்கூடிய குறைகள் அதில் அடங்கா. ஒப்பந்தத்தில் வேறுவிதமாக எழுதிக்கொள்ளவும் அச்சட்டம் இடம் தருகிறது. 'நேரில் பார்த்துத் திருப்தியடைந்து' என்று பத்திரத்தில் எழுதப்படும் வரியைப் படிக்காமல் கையெழுத்திடுவதன் விலை, பின்னால் குறை வெளிப்படும்போதுதான் தெரியும்.

முத்திரைத் தீர்வைக்கும் பதிவுக் கட்டணத்துக்குமாகத் தமிழ்நாட்டில் பொதுவாக 9 விழுக்காடு செலுத்துகிறோம். 30 லட்ச ரூபாய் வீட்டுக்கு அது 2 லட்சத்து 70 ஆயிரம். இதோடு ஒப்பிட்டால் ஒரு பொறியாளரும் எலக்ட்ரீஷியனும் அரைநாள் வந்து பார்ப்பதற்கான செலவு மிகச் சிறியது. காலமும் நமக்குச் சாதகமாகவே அமைந்திருக்கிறது. மார்கழியில் பத்திரம் பதிவதில்லை, தை பிறந்ததும் பதிகிறோம். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் போய் வீட்டைப் பார்த்தால் எந்தப் பெயிண்டாலும் ஒழுகலையும் ஓதத்தையும் மறைக்க முடியாது. சித்திரை வெயிலில் பார்த்து முடிவு செய்பவர்கள்தான் பெரும்பாலும் ஏமாறுகிறார்கள்.

கிரய ஒப்பந்தம் எழுதும் ஆவண எழுத்தர்களுக்கும் வழக்கறிஞர்களுக்கும் என் வேண்டுகோள் ஒன்றுதான். பொறியாளரின் எழுத்துப்பூர்வ அறிக்கையில் கூரை, சுவர், அடித்தளம் ஆகியவற்றில் பெருங்குறை காணப்பட்டால் முன்பணம் முழுவதும் திருப்பித் தரப்படும், அல்லது பழுதுபார்க்கும் செலவு விலையில் கழிக்கப்படும் என்ற வாசகத்தைப் பழைய வீடுகளுக்கான ஒப்பந்தங்களில் வழக்கமாகவே சேருங்கள். ஊர்தோறும் உள்ள கட்டடப் பொறியாளர் சங்கங்களும் இத்தகைய பரிசோதனைக்கு ஒரு நிலையான கட்டணத்தை அறிவித்து, அறிக்கையைத் தமிழிலேயே தர முன்வந்தால், தரகரின் சொல்லை மட்டும் நம்பி வாங்கும் ஓய்வூதியர்கள் பலர் அதைப் பயன்படுத்திக்கொள்வார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கட்டடப் பொறியாளர்,
மயிலாடுதுறை.